நிறம் மாறும் பொதியுறைப் படலத்தை நம்பி மீனை உண்ணலாமா?

கேள்வி:
வணக்கம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனை அறியும் திறன் போய்விட்டது. மீனோ இறைச்சியோ கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்க்க இயலாததால், ஒவ்வொரு முறையும் வீட்டில் வேறு யாரையாவது அழைக்க வேண்டியிருக்கிறது. உணவு கெடத் தொடங்கியதும் நிறம் மாறும் பொதியுறைப் படலங்களைப் பற்றிப் படித்தேன். அவை எப்படி வேலை செய்கின்றன? நிறம் மாறாதவரை உள்ளே இருப்பதை அச்சமின்றி உண்ணலாமா?

மறுமொழி 1:
மீனை வைத்தே விளக்குகிறேன். கடல்மீனின் தசையில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற மணமற்ற சேர்மம் இயல்பாகவே உண்டு. மீன் இறந்தபின் பெருகும் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. புரதம் சிதைவதால் அமோனியாவும் சேர்கிறது. காரத்தன்மை கொண்ட இந்த ஆவிகள் உறைக்குள் இருக்கும் காற்றில் கலந்து, படலத்தின் ஈரத்தில் கரையும்போது, அதில் ஏற்றப்பட்ட நிறமி நிறம் மாறுகிறது. ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் நிறமி, சிவப்பு முட்டைக்கோஸிலிருந்து எடுக்கப்படும் ஆந்தோசயனின். அது வலுவான அமிலத்தில் சிவப்பாகவும், நடுநிலையை ஒட்டி ஊதாவாகவும், காரம் ஏற ஏற நீலம், பச்சை, மஞ்சள் எனவும் மாறும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பதற்குக் காரணமான குர்குமினையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

படலத்தை மாச்சத்து, ஜெலட்டின், கைட்டோசான் போன்றவற்றால் செய்வதுண்டு. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தானே ஓரளவு தடுப்பதால், அத்தகைய படலம் கெடுதலைக் காட்டுவதோடு அதைத் தாமதப்படுத்தவும் செய்கிறது.

மறுமொழி 2:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை, உண்ணக்கூடாது என்பதே. படலம் காட்டுவது கெட்டுப்போதலை; நோய்க்கிருமியை அன்று. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரி செல்சியஸிலும் பெருகக்கூடியது. அது பெருகிய உணவில் மணமோ நிறமோ மாறாமலே இருக்கலாம். காற்று நீக்கப்பட்ட உறையில் நிலை இன்னும் கடினம். நாற்றத்தை உண்டாக்கும் பல பாக்டீரியாக்கள் அங்கே ஆக்சிஜன் இன்றி அடங்கியிருக்க, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாவான கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினத்தின் சில வகைகள் 3 டிகிரியிலேயே வளரத் தொடங்குவதால், நாற்றம் எழுமுன்பே நச்சு உருவாகிவிடக்கூடும். நல்ல மூக்கு உள்ளவர்களுக்கும் இங்கே எச்சரிக்கை கிடைக்காது. ஆகவே இப்படலம் உங்கள் மூக்கின் இடத்தை நிரப்பலாம். ஆனால் மூக்குக்கு எட்டாதது அதற்கும் எட்டாது. குளிர்பதனப் பெட்டிக்குள் ஒரு வெப்பமானியை வையுங்கள். உறையில் அச்சிட்ட கடைசி நாளைத் தாண்டாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. பாலுக்கும் இதே படலம் உதவுமா?

மறுமொழி 3:
நிறமி உதவலாம், மீனுக்கான அளவுகோல் உதவாது. பால் புளிக்கையில் லாக்டிக் அமிலம் உண்டாவதால், நிறம் எதிர்த்திசையில் சிவப்பை நோக்கி நகரும். உறைக்குள் கரியமில வாயு நிரப்பிய இறைச்சியிலோ, அந்த வாயுவே ஈரத்தில் கரைந்து அமிலமாகி, கெடுவதால் எழும் காரத்தை மறைக்கக்கூடும். அதனால்தான் ஒவ்வொரு உணவுக்கும், ஒவ்வொரு உறை முறைக்கும் படலத்தைத் தனித்தனியே சோதித்து, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நிறத்தை அதன் அருகிலேயே அச்சிட வேண்டும். ஆந்தோசயனின் ஒளியிலும் வெப்பத்திலும் வெளிறுவது மற்றொரு தடை. வெளிறிய படலத்தைப் பார்த்து உணவு கெட்டுவிட்டது என்றோ நன்றாக இருக்கிறது என்றோ முடிவு செய்ய இயலாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்காக நிறத்துடன் ஒரு குறியோ எழுத்தோ தோன்றும்படி அமைப்பதே முறை என்பது என் கருத்து.