கரிசலில் இருந்து எழுதுபவர் சொந்தமாக வெள்ளாமை வைக்கலாமா?

ஊருணி:
கோவில்பட்டிப் பக்கம் ஐந்து ஏக்கர் மானாவாரிக் கரிசல், ஒரு கறவை மாடு, பாதி எழுதிய நாவல். மூன்றையும் ஒரே ஆள் கட்டி மேய்க்க முடியுமா என்று போன வாரம் இங்கே ஒருவர் கேட்டிருந்தார். நிலத்தை வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு பேசி அடுத்தவர் உழ) விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுங்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள். அது தப்பான யோசனை. 1923இல் இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் சம்சாரியாக, அதாவது விவசாயியாக, இருந்துகொண்டுதான் எழுத வந்தார். அவர் எழுத்தில் மண்ணும் மாடும் உயிரோடு இருப்பது வரப்பில் நின்று பார்த்ததால் மட்டும் வந்ததல்ல.

மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தவர் “கமலை இறைத்தான்” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இறைத்தவருக்குத்தான் வடக்கயிறு வேறு, வால்கயிறு வேறு என்று தெரியும். வடம், தண்ணீர் அள்ளும் பாத்திரமான சாலைத் தூக்குகிறது. வால்கயிறு, சாலின் அடியில் தைத்த தோல் குழாயான தும்பியின் வாயைச் சாலின் நீர்மட்டத்துக்கு மேலே பிடித்திருக்கிறது. வால்கயிறு ஒரு முழம் கூடுதலாக விட்டுப்போனால் தும்பி வாய் தாழ்ந்து, பாதித் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே கொட்டிவிடும். மாடு இழுத்த இழுப்பு வீண். ஒரு பாத்திரத்தின் எரிச்சலை இந்த ஒரு முழக் கயிற்றில் காட்டிவிடலாம். கையில் பிடிக்காதவருக்கு இது எப்படித் தோன்றும்?

வேலிக்காத்தான்:
ஊருணி அண்ணாச்சி, உங்கள் உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது. பம்புசெட் வந்து கமலை போய் எத்தனை காலம் ஆகிறது! இன்று ஐந்து ஏக்கரை உழுகிறவருக்கும் வால்கயிறு தெரியாது. எழுபது, எண்பது வயதுப் பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். அதற்குத் தேவை காது, கலப்பை அல்ல.

கி.ரா. விஷயத்தில் ஆண்டுகளையும் பாருங்கள். முதல் கதை ‘மாயமான்’ 1958இல் ‘சரஸ்வதி’ இதழில் வருகிறது. அப்போது அவருக்கு வயது 35. ‘கோபல்ல கிராமம்’ 1976, வயது 53. வெள்ளாமை அவருக்கு நிறையக் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் இன்று தன் முதல் நாவலைப் பாதியில் வைத்திருப்பவரிடம் அந்தக் கணக்கைக் காட்டி ஏர் பிடிக்கச் சொல்வது நியாயமில்லை.

முதலில் மாட்டைப் பேசுவோம். காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் ஏறக்குறைய 12 மணி நேரம் இடைவெளி வேண்டும். அது தினமும் மாறினால் பால் குறையும். மடியில் பால் தேங்கினால் மடிநோய் வரும். சொசைட்டிக்குப் பால் ஊற்றும் நேரம் ஆளுக்காகக் காத்திருக்காது. சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, தீவனம் போட்டுக் கறந்து முடிக்க ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். இரண்டு வேளைக்கு மூன்று மணி. அதில் காலை ஒன்றரை மணிதான் தலை தெளிவாக இருக்கிற நேரம், எழுத்துக்கான நேரம். இது போக, காலையில் மாடு சினைக்குக் கத்தினால் அன்று சாயங்காலத்துக்குள் சினை ஊசி போட்டாக வேண்டும். தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்கணும். அத்தியாயம் நல்ல இடத்தில் ஓடுகிறது என்று மாட்டிடம் சொல்ல முடியாது.

மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய் அங்கே வாசிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நடக்காது. பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் மாடு அடுத்தவர் உளுந்தில் நிற்கும்.

ஊருணி:
மாட்டை விட்டுவிடுவோம், ஒத்துக்கொள்கிறேன். 365 நாளும் ஆளைக் கட்டிப்போடும் ஜீவன் அது. மானாவாரி நிலம் அப்படி இல்லை. புரட்டாசியில் விதைப்பு, தை மாசியில் பெரும்பாலும் முடிந்துவிடும். பங்குனியிலிருந்து ஆவணி வரை ஆறு மாதம். கோடை மழை விழுந்தால் ஒரு உழவு, அவ்வளவுதான் காட்டு வேலை. ஒரு நாளைக்கு 300 சொல் என்று வைத்தால் அந்த ஆறு மாதத்தில் 54,000 சொல். ஒரு நாவல்! தோட்டப் பாசனம் வைத்திருப்பவருக்கு இந்த ஓய்வு கிடைக்காது. கரிசல்காட்டுச் சம்சாரிக்குக் கிடைக்கும்.

வேலிக்காத்தான்:
தாளில் சரியாக வருகிறது. புரட்டாசியிலிருந்து மாசி வரை அந்த நாவல் என்ன ஆகும்? மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைப்பதை எடுத்துக்கொள்வோம். விதை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விழ வேண்டும். மேலாக விழுந்தால் சின்னத் தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை தள்ளிப்போனால் கருகிவிடும். பிறகு மறு விதைப்பு, மறுபடி விதைச் செலவு. விதைத்தவர் அதற்குப் பிறகு மேசையில் உட்கார்ந்தாலும் கண் வானத்தில்தான் இருக்கும். மணிக்கணக்கில் அது உங்கள் கணக்கில் ஏறாது, மனசில் ஏறும். மழை பெய்துவிட்டால் மூன்று நான்கு நாள் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, கரிசல் செருப்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பதம் வந்ததும் களை. 15–20ஆம் நாள் முதல் களை, 35–40இல் இரண்டாவது. ஊர் முழுக்க ஒரே வாரத்தில் களை வெட்டுவதால் ஆள் பிடிக்கவே விடியற்காலையில் நாலு வீடு ஏறி இறங்க வேண்டும்.

மக்காச்சோளம் போட்டவர் பாடு இன்னும் மோசம். 2018இலிருந்து படைப்புழு. குருத்தைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு வாரம் விட்டால் குருத்தே இருக்காது. கதிர் பிடித்ததும் காட்டுப்பன்றிக் காவல். இரவு தூங்காதவர் காலையில் என்ன எழுதுவார்?

பனங்காடை:
இரண்டு அண்ணன்களும் கி.ரா.வை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். அதே இடைசெவல், அதே 1923, அதே செப்டம்பர் மாதம் பிறந்தவர் கு.அழகிரிசாமி. இருவரும் நெருங்கிய நண்பர்கள். அழகிரிசாமி ஊரை விட்டுப் போய்ச் சென்னையிலும் மலேயாவிலும் பத்திரிகை வேலை பார்த்தார், 1970இல் மறைந்தார். அவர் கதைகளில் அந்த ஊரின் வறுமையும் குழந்தைகளும் எங்கே குறைந்துபோனார்கள்? பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்துகொண்டு எழுதினார். ‘சூல்’ நாவலுக்காக 2019இல் சாகித்திய அகாதெமி பெற்ற சோ.தர்மன் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். கரிசல் எழுத்துக்கு ஏர் ஒன்றுதான் வழி என்று சொல்ல இடமில்லை. ஆனால் வேலிக்காத்தான் அண்ணன் சொல்கிற மாதிரி “காது போதும்” என்பதும் அவ்வளவு லேசான காரியம் இல்லை. கேட்பதற்கும் ஒரு முறை உண்டு.

கி.ரா.வின் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணியில் இருந்துகொண்டே நடுநாட்டுக்கு (விருத்தாசலம், கடலூர் பக்கம்) அப்படி ஒரு சொல்லகராதி செய்தார். நாவலாசிரியர் அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஆனால் வேலை அதே வேலைதான். ஒரு அட்டைக்கு ஒரு சொல். அதன் கீழே, அந்தச் சொல் வந்த முழு வாக்கியம். சொன்னவரின் வயது, தொழில், ஊர். பத்து மைல் தள்ளினால் அதே பொருளுக்கு வேறு பெயர் இருக்கும், ஊர் குறிக்காவிட்டால் எல்லாம் கலந்து ஒரு பாத்திரம் மூன்று வட்டாரத்தில் பேசும். பேச்சு நடக்கும்போது நோட்டை வெளியே எடுக்கக் கூடாது. நோட்டைப் பார்த்ததும் பெரியவர்கள் புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அன்று இரவே எழுதிவிட வேண்டும், மறுநாள் சொல் நிற்கும், வாக்கியம் போய்விடும். போனில் பதிவு செய்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நாலைந்து மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இடையில் நாவல் நின்றுபோவதற்கும் ஒரு வழி இருக்கிறது. எழுந்திருக்கும்போது அடுத்த காட்சியை இரண்டு வரியில் குறித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். கூடவே ஒரு தனித் தாளில் எந்த அத்தியாயம் எந்தத் தமிழ் மாதம், காட்டில் என்ன வெள்ளாமை நிற்கிறது, யாருக்கு என்ன வயது என்று எழுதி வைக்கணும். இது இல்லாமல் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வருபவர்தான் ஐப்பசியில் பருத்தியை வெடிக்க வைப்பது. புரட்டாசியில் விதைத்த மானாவாரிப் பருத்தி தையில் வெடித்தால் உண்டு.

வாசிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐப்பசி இரவில் மழை விட்டதும் விளக்கடியில் ஈசல் கொட்டும், அன்று இரவு வாசிப்பு கிடையாது. ஆகவே மழைக்கால வாசிப்பைப் பகலுக்கு மாற்றுங்கள். அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், நாலு விரல் இடைவெளி விட்டால்தான் ஈரமும் கரையானும் நூலுக்கு ஏறாது. தட்டுக்கு ஒரு துண்டு வசம்பு.

ஊருணி:
தங்கச்சி, அழகிரிசாமி வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அவர் பிறந்து வளர்ந்து, அந்த ஊரை உடம்பில் ஏற்றிக்கொண்டுதான் போனார். கேள்வி கேட்டவர் ஊருக்குப் புதிதாக வருகிறவர். அவர் உடம்பில் என்ன இருக்கிறது? அதனால் இப்படிச் சொல்கிறேன்: மூன்று ஏக்கரை வாரத்துக்கு விடட்டும். இரண்டு ஏக்கரைத் தானே வைத்துக்கொண்டு குதிரைவாலி போடட்டும். சுமார் 90 நாளில் கதிர் அறுத்துவிடலாம், படைப்புழுத் தொல்லை மக்காச்சோளம் அளவுக்கு இல்லை. பருத்தியும் மக்காச்சோளமும் வேண்டாம்.

வேலிக்காத்தான்:
இரண்டு ஏக்கருக்கும் களை அதே 20ஆம் நாள்தான் வரும் அண்ணாச்சி, நான் இன்னும் ஐந்தையும் விடச் சொல்வேன். பாசிப்பயறு மட்டும் அவர் தொடவே வேண்டாம். நெற்று முற்றிய நேரத்தில் மார்கழி மழை பிடித்தால் காய்க்குள்ளேயே முளைத்துவிடும், அந்த வாரம் நாவலும் போகும் பயறும் போகும். எத்தனை ஏக்கர் விட்டாலும் வாரத்தை முதலில் எழுதிக்கொள்ளட்டும். விதை யார் செலவு, மறு விதைப்பு வந்தால் யார் செலவு, சோளத்தட்டை யாருக்கு என்று மூன்றையும் எழுதணும். தானியத்தில் பங்கு எல்லாரும் பேசிவிடுவார்கள். தகராறு வருவது தட்டையில்தான்.