அர்ச்சுனன் தபசை மெய்நிகர் விளையாட்டாக்க உதவி தேவை

வணக்கம் உறவுகளே. ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலையொன்றில் தரம் 6 பிள்ளைகளுக்குச் சைவநெறி கற்பிக்கிறேன். சிவனிடம் பாசுபதம் என்னும் அம்பைப் பெற அர்ச்சுனன் தவமிருந்த கதையைப் புத்தகத்தில் வாசித்தால் கொட்டாவி விடுகிறார்கள். அதே கதையின் கூத்தில், தவத்துக்கென நட்ட உயரமான தபசு மரத்தில் ஏறுபவரைக் கண்டாலோ வாய் பிளந்து நிற்கிறார்கள். அந்த மரத்தில் தாங்களே ஏறி, தேயிலை மலைகளைக் கீழே பார்ப்பதுபோல ஒரு விளையாட்டு வேண்டும்.

கையில் இருப்பது கூகுள் கார்ட்போர்ட் மாதிரியில் நானே வெட்டி ஒட்டிய அட்டைக் கண்ணாடியும் பழைய ஆண்ட்ராய்டு போனும்தான். தலை திரும்பினால் காட்சியும் திரும்ப ஜைரோஸ்கோப் என்னும் அசைவு உணரி வேண்டுமே, நல்லவேளை, அது போனில் இருக்கிறது. மழை நாளில் சிக்னல் கிடைக்காது. இணையமின்றி ஓட வேண்டும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி தெரிந்தவர்கள் கைகொடுப்பீர்களா? 360 பாகை காணொளி ஒன்றைக் காட்டியபோது ஒரு பிள்ளைக்குத் தலைசுற்றியது. உயரத்தில் ஏறும் காட்சியில் அதை எப்படித் தவிர்ப்பது என்றும் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.