முட்டம் கடற்கரைப் படங்கள்: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

நான் (இரவு 7.52): அனைவருக்கும் வணக்கம். இன்று மாலை முட்டம் கடற்கரையில் எடுத்த படங்களில் ஆறினை அனுப்பியிருக்கிறேன். இந்தப் பொங்கல் விடுமுறையில் ஐந்து நாள் மாலையும் அதே பாறைக்குத்தான் போனேன். முதல் நான்கு நாட்களில் உங்களுக்குக் காட்டும்படி ஒரு படமும் தேறவில்லை.

பெரியப்பா (7.58): மிக நன்றாக வந்திருக்கின்றன, மக்களே. எனக்கு ஒரு சந்தேகம். முதல் படத்தில் சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஐந்தாவதில் சூரியனே இல்லை. ஆனாலும் வானம் அதில்தான் அதிகமாகச் சிவந்திருக்கிறது. வரிசை மாறிவிட்டதா?

நான் (8.05): வரிசை சரிதான், பெரியப்பா. சூரியன் 6.20 அளவில் மறைந்தது. ஐந்தாவது படம் 6.36க்கு எடுத்தது. கடலுக்குக் கீழே போன பிறகும் அதன் ஒளி உயரத்திலுள்ள மெல்லிய மேகங்களின் அடிப்பக்கத்தில் விழுகிறது. அந்த ஒளி காற்றுமண்டலத்தின் ஊடே வெகுதூரம் சாய்வாக வருவதால் நீலம் வழியிலேயே சிதறிவிட, சிவப்பும் ஆரஞ்சும் மிஞ்சி வந்து சேர்கின்றன. எல்லோரையும் போல நானும் முதல் நான்கு நாட்கள் சூரியன் மறைந்ததும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பினேன். நான்காம் நாள் பேருந்துக்குக் காத்திருந்தபோது திரும்பிப் பார்த்தால் மேற்கு முழுவதும் செக்கச்சிவந்து கிடந்தது. ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அது சாம்பல் நிறமாகிவிட்டது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை.

கோவை சித்தி (8.11): நாங்கள் சென்ற மே மாதம் கன்னியாகுமரிக்கு வந்தபோது சூரியன் கடலில் இறங்கவே இல்லை; கரைக்குப் பின்னால், தென்னை மரங்களுக்கு நடுவே போய் மறைந்தது. பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். இப்போது மட்டும் எப்படிக் கடலில் இறங்குகிறது?

நான் (8.19): சூரியன் மறையும் இடம் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது, சித்தி. டிசம்பர், ஜனவரியில் அது மேற்கிலிருந்து தெற்காக விலகி இறங்குவதால் கன்னியாகுமரியிலிருந்து பார்க்கும்போது கடலில் விழுகிறது. மே, ஜூனில் வடக்காக நகர்ந்துவிடும். அந்தப் பக்கம் நம் மேற்குக் கரை நீண்டு கிடப்பதால் நிலம் மறைத்துவிடுகிறது. முட்டத்தில் கரை இன்னும் வடக்காகத் திரும்புவதால் அந்த மாதங்களிலும் எதிரே கடல்தான் இருக்கும். ஆனால் ஜூனில் மழைமேகம் விட வேண்டும்.

தம்பி (8.24): அக்கா, நான் போனில் எடுத்தால் சூரியன் வெள்ளையாக, ஒரு ஓட்டை போல விழுகிறது. கேமரா இல்லாமல் இந்தச் சிவப்பு வராதா?

நான் (8.33): போனிலேயே வரும். இருட்டான பாறையையும் கடலையும் பார்த்து போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதால்தான் சூரியன் வெளுத்துப்போகிறது. சூரியனுக்குச் சற்றுப் பக்கத்திலுள்ள வானத்தில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்துவிடு; பாறை கறுத்தாலும் பரவாயில்லை, அதுதான் அழகு. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் ஆரஞ்சை அதுவே குறைத்துவிடும் என்பதால் வெயிலுக்கான அமைப்பில் வை. கேமராவில் தொலைநோக்கு லென்ஸ் போட்டிருக்கும்போது மட்டும் கண் வைத்துப் பார்க்கும் துளை வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. நான் பின்பக்கத் திரையில் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

மாமா (8.37): படம் இருக்கட்டும் அம்மா, அந்தப் பாறைகளில் பாசி படிந்திருக்குமே. அலையும் சொல்லாமல் எழும்பும் இடம் அது.

நான் (8.42): ஈரம் ஏறிய பாறையில் நான் கால் வைப்பதில்லை, மாமா. முதல் நாள் கால் மணி நேரம் தள்ளி நின்று, அலை எதுவரை வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இடம் பிடித்தேன். அவ்வளவு தள்ளி நின்றும் உப்புச்சாரல் வந்துவிடுகிறது. மூன்றாம் நாள் படங்கள் எல்லாம் புகை படிந்தது போல இருந்தன; வீட்டில் வந்து விளக்கடியில் பார்த்தால் லென்ஸின் மேல் உப்பு ஊசிமுனைப் புள்ளிகளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும் என்பதால் மென்துணியை நல்ல தண்ணீரில் லேசாக நனைத்து ஒற்றி எடுத்தேன்.

பெரியப்பா (8.47): ஆறாவது படத்தில் வள்ளத்தின் பக்கத்தில் வலையை மடித்துக்கொண்டிருக்கிறாரே, அவரிடம் கேட்டுவிட்டுத்தானே எடுத்தாய்?

நான் (8.53): கேட்டேன், பெரியப்பா. முதல் நாள் கேட்காமல் கேமராவைத் தூக்கினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை செய்துகொண்டிருப்பவரை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இன்று அவரே, "வெளிச்சம் போகும் முன்னே எடும்மா" என்றார். முகம் நிழலாகத்தான் விழுந்திருக்கிறது; ஆனால் வலையின் ஈரக் கண்ணிகள் ஒவ்வொன்றிலும் சிவப்பு தங்கியிருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவருடைய அனுமதியோடுதான் குழுவில் போட்டேன். வேறெங்கும் யாரும் அனுப்ப வேண்டாம்.

பெரியப்பா (8.58): அந்தப் படத்தை இரண்டு பிரதி அச்சிடு. ஒன்று அவருக்கு, ஒன்று நம் வீட்டுக் கூடத்துக்கு. செலவு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை நானும் உன்னோடு வருகிறேன்.

நான் (9.01): நாளையே அச்சிடக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு மாலை நான்கரைக்குக் கிளம்பலாம், பெரியப்பா. திரும்ப ஏழு மணி ஆகிவிடும் என்று பெரியம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.