பாட ஆய்வா, பாடமாய்தலா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ஜப்பானிய ஆசிரியர்கள் கூடிப் பாடத்தைச் செம்மையாக்கும் 'ஜுக்யோ கென்கியூ' என்ற முறைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று ஒரு வாரமாக மடல்கள் வந்தபடி இருக்கின்றன. சேலத்து நண்பர் 'பாட ஆய்வு' என்றார். கோவையிலிருந்து 'வகுப்பாய்வு' வந்தது. கரூர் அம்மையார் 'கூட்டுப் பாடத் திட்டமிடல்' என்றார். மூன்றையும் எங்கள் பி.எட். மாணவர்களிடமும், பெருந்துறைப் பக்கம் பள்ளிகளில் வேலை பார்க்கும் சில ஆசிரியர்களிடமும் சொல்லிப் பார்த்தேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து ஆசிரியர்கள் கூடி, பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வார்கள். எந்த இடத்தில் தடுமாறுவார்கள், எப்படியெல்லாம் பதில் சொல்வார்கள் என்று முன்கூட்டியே யோசித்து, சேர்ந்தே பாடக்குறிப்பு எழுதுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அப்புறம் கூடிப் பேசிக் குறிப்பைத் திருத்துவார்கள். பல சமயம் இன்னொரு வகுப்பில் திரும்ப நடத்தியும் பார்ப்பார்கள். ஜப்பானில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி காலத்தில் வேர்விட்ட வழக்கம் இது. ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999-இல் எழுதிய நூலுக்குப் பிறகுதான் அமெரிக்காவில் இது பரவலாகப் பேசப்பட்டது.

நம் பி.எட். வகுப்பில் இருக்கும் நுண்ணிலைக் கற்பித்தல் (மைக்ரோ டீச்சிங்) வேறு. அது 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் உருவாக்கியது. நம் நாட்டு முறைப்படி 6 நிமிடம் நடத்தி, 6 நிமிடம் கருத்துக் கேட்டு, 12 நிமிடம் திருத்தி எழுதி, மறுபடி 6, மறுபடி 6 என்று 36 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். உடன் படிப்பவர்களே மாணவர்களாக நடிப்பார்கள். வினாக் கேட்பது, கரும்பலகையைப் பயன்படுத்துவது என்று ஒரு நேரத்தில் ஒரு திறனைப் பழகுவதற்கு அது நல்ல வழி. ஆனால் நடிக்கிற மாணவனுக்கு உண்மையான குழப்பம் வராது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'வகுப்பாய்வு' என்று சொன்னதும் பாதிப்பேர் 'பகுப்பாய்வு' என்று எழுதிக்கொண்டார்கள். அதை விட்டுவிடலாம். 'கூட்டுப் பாடத் திட்டமிடல்' முதல் பாதியை மட்டுமே சொல்கிறது. வகுப்பில் பார்ப்பதும் அதன்பின் பேசுவதும் அதில் இல்லை. போதாததற்குப் 'பாடத்திட்டம்' என்ற சொல்லை நாம் ஏற்கெனவே இரண்டு மூன்று பொருளில் புழங்கிக்கொண்டிருக்கிறோம்.

'பாட ஆய்வு' நேரான மொழிபெயர்ப்பு. எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை கேட்ட கேள்விதான் என்னை நிறுத்தியது: "ஆய்வுங்களா? யாரு வர்றாங்க?" நம் பள்ளிகளில் ஆய்வு என்றால் அதிகாரி வருவது. ஆண்டாய்வு வருகிறது என்றால் பதிவேடுகளைத் தூசி தட்டுவோம், சுவரில் புது அட்டை ஒட்டுவோம். ஆய்வாளர் என்றாலே மேலிருந்து வருபவர். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி என்ற பொருளில் நாம் சொல்லும் ஆய்வு, ஆசிரியர் அறையில் அந்தப் பொருளில் காதில் விழுவதில்லை. சந்தியைச் சேர்த்துப் 'பாடவாய்வு' என்று எழுதினால் 'வாய்வு' வேறு வந்து நிற்கிறது.

நான் பயிற்சி எடுத்த காலத்தில் 'க்ரிட்டிசிசம் கிளாஸ்' என்று ஒன்று உண்டு. தமிழில் விமரிசன வகுப்பு. நான் ஏழாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுத்தேன். பின்வரிசையில் பதினைந்து பேர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் என் கையெழுத்து சாய்ந்திருந்தது, குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை, கரும்பலகையை மறைத்து நின்றேன் என்று வரிசையாகச் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அறையில் இருந்த முப்பது பிள்ளைகளில் யாருக்கு என்ன புரிந்தது என்று ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினைந்து ஜோடிக் கண்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இன்றுவரை அது எனக்கு ஆறாத குறை. நாம் உருவாக்கும் சொல் இந்தப் பழைய பயத்தை ஆசிரியருக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

போன வருடம் பயிற்சி மாணவர்கள் நால்வர் பின்னத்தை எடுத்துக்கொண்டு இந்த முறையைச் செய்து பார்த்தார்கள். ஒரு மாணவி முழு நேரமும் ஒரே ஒரு பையனுக்குப் பக்கத்தில் இருந்தாள். 1/2, 1/4 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு அவன் 1/4-ஐ வட்டமிட்டான். நாலு, இரண்டைவிடப் பெரிது அல்லவா? வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அவள் சும்மா கேட்டிருக்கிறாள்: "கால் லிட்டர் பால் பெருசா, அரை லிட்டர் பெருசா?" அவன் உடனே, "அரை லிட்டருதானுங்க டீச்சர். எங்கூட்டுல சொசைட்டிக்குப் பால் ஊத்தறமுங்க" என்றான். காலும் அரையும் அவனுக்கு வீட்டிலேயே தெரியும். அவற்றைக் கோடு போட்டு மேலும் கீழுமாக எழுதும்போதுதான் நழுவுகிறது. அன்று சாயங்காலம் நால்வரும் குறிப்பைத் திருத்தினார்கள். அடுத்த வகுப்பில் பாடம் பால் அளக்கும் குவளையிலிருந்து தொடங்கியது. கரும்பலகையில் 'கால்' என்று முதலில் எழுத்தால் எழுதி, அதன்கீழ் 1/4 போட்டார்கள்.

அவர்கள் செய்ததற்குப் பெயர் யோசித்தபோது எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, நினைவுக்கு வந்தார். மழைக்குப் பின் சோளக்காட்டில் பறித்துவந்த பண்ணைக்கீரையை முறத்தில் கொட்டி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்வார். பூச்சி அரித்த இலை ஒரு பக்கம் போகும், முற்றின தண்டு ஒரு பக்கம் போகும், நல்லது சட்டிக்குப் போகும். கை பாட்டுக்கு வேலை செய்ய, பேச்சு பாட்டுக்கு நடக்கும். அங்கே யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. எல்லார் கண்ணும் கீரை மேல் இருக்கும்.

ஆகவே என் பரிந்துரை: 'பாடமாய்தல்'. பாடம் ஆய்தல் என்று பிரித்துச் சொன்னாலும் சரி. ஆய்வும் ஆய்தலும் ஒரே வேர்தான், ஆனால் அதிகாரம் ஏறியது 'ஆய்வு' மேல்தான். ஆய்தல் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. தொல்காப்பியம் உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்ற நான்கையும் சேர்த்து 'உள்ளதன் நுணுக்கம்' என்று பொருள் சொல்கிறது. இருக்கிற ஒன்றையே நுணுக்கமாக்குவது. கையில் இருக்கும் பாடத்தைச் சிறிது சிறிதாகச் செம்மையாக்கும் இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. 'தல்' விகுதியில் முடிவதால் கலைச்சொல்லாகாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன். கற்பித்தல் என்பதே அப்படித்தானே?

ஜப்பானியத்தில் சொற்களை முன்பின்னாக மாற்றிக் 'கென்கியூ ஜுக்யோ' என்றால், இதற்காகவே நடத்தப்படும் அந்த ஒரு பாடம். அதற்கு 'ஆய்பாடம்' என்று வினைத்தொகையாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஊறுகாய், சுடுசோறு மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் காதில் 'ஆய்' வேறு பொருளில் விழும் என்று ஒரு ஆசிரியை சொன்னார். அது நியாயம், விட்டுவிட்டேன். 'ஆயும் பாடம்' போதும். திருத்தி முடித்ததும் அது 'ஆய்ந்த பாடம்'. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைச் சொல்லில் வரும் வினையின் காலமே காட்டிவிடுகிறது.

சேலத்தில் 1916-லேயே ராஜாஜி முதலானோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். இந்தப் பக்கத்தில் சொல்லாக்கம் புது வேலை இல்லை. அதனால் அவசரப்படாமல் பேசுவோம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று உண்டு. பாடம் முடிந்த பேச்சில் கடைசியாகக் கருத்துச் சொல்ல, பாடத்தை ஆழமாக அறிந்த ஒருவரை வெளியிலிருந்து அழைப்பார்கள். 'வல்லுநர்' என்றால் மறுபடி மேடை போட்டு நாற்காலி வைத்துவிடுவோம். 'கருத்தாளர்' என்றால் பயிற்சி முகாமில் மைக் பிடித்துப் பேசுபவர்தான் நினைவுக்கு வருகிறார். திண்ணையில் வந்து கூட உட்கார்ந்து ஒரு கை ஆய்ந்து கொடுக்கிறவருக்கு என்ன பெயர் வைக்கலாம்? உங்கள் ஊரில் வழங்கும் சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
பெருந்துறையிலிருந்து