லேயர் மாஸ்க்: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

தக்கலை, திங்கள் மாலை

குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமைகளில் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குக் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தேன், மட்டிப்பழம், கருப்பட்டி, தோவாளைப் பூ என்று ஏதாவது ஒன்று விற்பவர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் படம் செய்ய அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் தாங்களே செய்யவேண்டும் என்று வருகிறார்கள்.

இந்த வாரப் பாடம் இது. அடியில் ரப்பர்த் தோட்டம், மேலே தேன் குப்பி, இரண்டுக்கும் நடுவே 'மார்த்தாண்டம் தேன்' என்று பெரிய எழுத்து. 1080-க்கு 1350 பிக்சல். எழுத்தின் ஒரு பாதி குப்பிக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும். குப்பியைச் சுற்றியுள்ளதை அழிப்பானால் அழித்தால், சேமித்து மூடியபிறகு போனது போனதுதான். இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் ஒவ்வொன்றும் ஒரு லேயர். அதற்கு லேயர் மாஸ்க் போட்டால் எதுவும் அழியாது. கறுப்பு தீட்டிய இடம் மறையும், அதன்மேல் வெள்ளை தீட்டினால் திரும்பி வரும், சாம்பல் தீட்டினால் அரைகுறையாகத் தெரியும். குப்பியின் மூடி ஓரத்தில் கறுப்பு கொஞ்சம் வழிந்துவிட்டால் எக்ஸ் விசையைத் தட்டி வெள்ளைக்கு மாறித் தடவினால் மூடி பழையபடி வந்துவிடுகிறது. அந்த இடத்தில் வகுப்பே "ஆ" என்கிறது.

சிக்கல் கையேட்டில்தான். முன்பு யாரோ செய்து வைத்ததில் 'அடுக்கு முகமூடி' என்று இருக்கிறது. ஒரு அக்கா வாசித்துவிட்டு, "இதுல மூஞ்சி எங்க டீச்சர் இருக்கு?" என்று கேட்டார். லேயருக்கு அடுக்கு போதும், அதில் யாருக்கும் குறை இல்லை. மாஸ்க்குக்குச் சொல்லுங்கள். வியாழன் காலை அச்சகத்துக்குப் போகவேண்டும்.

இரணியல், திங்கள் இரவு

டீச்சர், என் பரிந்துரை மறைபடலம். மறைத்த படலம், மறைக்கின்ற படலம், மறைக்கும் படலம், வினைத்தொகை. ஆகையால் ஒற்று மிகாது. தயவுசெய்து 'மறைப்படலம்' என்று அச்சில் ஏற்றிவிடாதீர்கள், அதைப் பார்த்துவிட்டு என்னால் தூங்க முடியாது. படலம் என்றாலே மெல்லியது, மேலே படிவது என்பதும் சேர்ந்தே வந்துவிடும்.

குளச்சல், திங்கள் இரவு

சார், மறை என்ற வினை தன்வினையும் பிறவினையும் ஆகும் அல்லவா? மறைத்த படலம் என்று நீங்கள் விரிக்கிறீர்கள். மறைந்த படலம் என்று நான் விரித்தால்? மறைந்த படலத்துக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கவும் அதே கிம்ப் உதவும்.

இரணியல், திங்கள் இரவு

கடிநாய் என்றால் கடிக்கிற நாய் என்றுதான் எல்லாரும் ஒதுங்குகிறார்கள். கடிபட்ட நாயாக இருக்குமோ என்று நின்று யோசிப்பவனை அந்த நாயே தீர்த்துவைக்கும்.

நாகர்கோவில், செவ்வாய் காலை

நான் அச்சுத் தொழிலில் கிடந்தவன், இலக்கணம் உங்கள் பாடு. ஆஃப்செட் ஃபிலிம் இருந்த காலத்தில் ஒளிமேசையில் நெகட்டிவைப் பரத்தி, வேண்டாத இடத்தில் தாளை வெட்டி ஒட்டுவோம். ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தால் தூரிகையால் மசி வைத்து அடைப்போம். ஒட்டிய தாளைப் பிரித்தால் அடியில் ஃபிலிம் அப்படியே இருக்கும். டீச்சர் சொல்லும் சங்கதியும் அதேதான், கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதை மாஸ்கிங் என்றுதான் சொன்னோம். அச்சுக்கோத்த அண்ணாச்சியும் அப்படித்தான் சொன்னார், எட்டாம் வகுப்பு தாண்டாத பையனும் அப்படித்தான் சொன்னான். மாஸ்க் என்றே போட்டுவிட்டால் என்ன? மென்பொருளை ஆங்கிலத்தில்தான் திறக்கப் போகிறார்கள். மெனுவில் ஒன்று, கையேட்டில் ஒன்று என்றால் தேடித் தேடிக் கண் வலிக்கும்.

இன்னொன்று. படலம் என்றால் எங்கள் வீட்டில் கண்ணில் விழுவது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

அதங்கோடு, செவ்வாய் மதியம்

தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டிருந்து கேள்வி கேட்டவர் அதங்கோட்டாசான். பனம்பாரனார் பாயிரத்திலேயே சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு 'மாஸ்க் என்றே போடுவோம்' என்பதை வாசிக்க வேண்டியிருக்கிறது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே." பிறமொழிச் சொல் வரலாம், வந்தால் நம் எழுத்துக்கு அடங்கி வரவேண்டும். ஸகரத்தை நீக்கி எழுதுங்கள் பார்ப்போம்.

நாகர்கோவில், செவ்வாய் மதியம்

மாசுக்கு.

குளச்சல், செவ்வாய் மதியம்

அடுக்கு மாசுக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு நகல் அனுப்பிவிடலாம் அண்ணாச்சி.

அதங்கோடு, செவ்வாய் மதியம்

நான் சொன்னதும் அதுதான். அடங்காத சொல்லை வெளியே நிறுத்திவிட்டுத் தமிழில் ஆக்குங்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் அரசே முகக்கவசம் என்று எழுதியது, மக்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். முகத்தை எடுத்துவிடுங்கள், கவசம் மிஞ்சும். அடுக்குக் கவசம். அடியில் இருக்கும் படத்தை அழியாமல் காப்பதால் பொருளும் பொருந்துகிறது.

தக்கலை, செவ்வாய் மாலை

கவசம் அழகான சொல். ஆனால் வகுப்பில் அதைச் சொன்னால் சஷ்டிக்கு விரதம் இருப்பவர்கள் பாட ஆரம்பித்துவிடுவார்கள். அதோடு கவசம் போட்ட இடம் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்து, தெரியவேண்டிய குப்பியின்மேல் கறுப்பைத் தீட்டிவிடுவார்கள். நேர்மாறாகப் போய்விடும்.

சொல்லைக் கட்டளை வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன். கையேட்டில் இருப்பதெல்லாம் கட்டளைகள்தானே: "___ சேர்", "___ மேல் கறுப்பைத் தீட்டு", "___ நீக்கு". இந்த மூன்று கோட்டிலும் தடுக்காமல் உட்காரும் சொல் வேண்டும். மறைபடலம் முதலாவதில் உட்காருகிறது, இரண்டாவதில் நாக்கு சுளுக்குகிறது.

குலசேகரம், செவ்வாய் இரவு

மூடாக்கு என்று ஒரு சொல் இருக்கிறது, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை? வாழைக்கு மூட்டில் சருகு போட்டு மூடுவது மூடாக்கு. தலையில் சீலையை இழுத்துவிடுவதும் மூடாக்கு. போடலாம், எடுக்கலாம், அடியில் உள்ளதற்கு ஒன்றும் ஆகாது. வகுப்புக்கு வரும் பெண்களில் பாதிப்பேருக்கு இது வீட்டுச் சொல். "மூடாக்குப் போடு", "மூடாக்கு எடு". டீச்சரின் கட்டளை வாக்கியம் தன்னால் வருகிறது.

தக்கலை, செவ்வாய் இரவு

இது பிடித்திருக்கிறது அண்ணாச்சி. ஒன்றுதான் உதைக்கிறது. மாஸ்க் சேர்க்கும்போது கிம்ப் முதலில் கேட்பது வெள்ளையா கறுப்பா என்று. வெள்ளை என்றால் எல்லாமே தெரியும். மூடாக்குப் போட்டும் எதுவும் மூடவில்லை என்றால் "அப்புறம் எதுக்கு டீச்சர் போட்டோம்?" என்பார்கள்.

பூதப்பாண்டி, புதன் அதிகாலை

வெறும் 'மறை' போதும். பெயர்ச்சொல்லாகவே நிற்கும், பின்னால் படலமும் வேண்டாம் கவசமும் வேண்டாம். விளவங்கோடு பக்கம் மலையாளமும் கலந்து புழங்குகிறவர்களைக் கேளுங்கள், மற என்றால் மறைப்புத் தட்டி. அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். மாட்டின் உடம்பில் வேறு நிறத்தில் திட்டுத்திட்டாக இருப்பதும் மறைதான். ஜல்லிக்கட்டுக் காளைகளில் செம்மறை, கருமறை என்று தரம் பிரிப்பார்கள். லேயர் பலகத்தில் அந்த மாஸ்க்கின் சிறுபடத்தைப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புத் திட்டு. கருமறைக் காளை அப்படியே நிற்கிறது!

இதோடு நிற்கவில்லை. "நிறைமொழி மாந்தர் பெருமை நிலத்து மறைமொழி காட்டி விடும்" என்ற குறளில் மறை என்ற சொல்லுக்கு அடுத்தே 'காட்டிவிடும்' வருகிறது. மறைப்பதும் காட்டுவதும் ஒரே அடியில். வெள்ளை மாஸ்க் ஏன் காட்டுகிறது என்ற டீச்சரின் கேள்விக்கு வள்ளுவர் அன்றே விடை வைத்துவிட்டார். ஒளி என்ற சொல்லையும் பாருங்கள். ஒளி வெளிச்சம், ஒளி மறைந்துகொள். தமிழன் காட்டுவதையும் மறைப்பதையும் ஒன்றாகவே கண்டவன். இந்த வேரைப் பிடித்துப் போனால்…

குளச்சல், புதன் காலை

போகவேண்டாம் அண்ணாச்சி, வியாழன் நாளைக்கு. 133 அடியில் கடல் நடுவே நிற்கிறவரை கிம்ப் வகுப்புக்குக் கூட்டிவந்துவிட்டீர்கள். மறைமொழி அங்கே மந்திரம். அதைக் கொண்டுபோய்க் காளைமாட்டில் கட்டினால் பரிமேலழகர் எழுந்து வருவார்.

'மறை' மட்டும் நின்றால் என் தொழிலில் இன்னொரு தொல்லை. நட்டு கழன்றால் மறை கழன்றது என்பார்கள்.

இரணியல், புதன் காலை

திருகாணியின் மரைக்கு இடையின ரகரம். வல்லின றகரம் போட்டு எழுதுவது பிழை. இடையின மரை மானிலும் ஒன்று உண்டு, சங்கப் பாட்டில் மரையா என்று வரும். மறை வேறு, மரை வேறு. குழப்பம் எழுதுகிறவர்களால் வந்ததே தவிரச் சொல்லால் வந்ததல்ல.

குளச்சல், புதன் காலை

வகுப்பில் காதால் கேட்பார்கள் சார், கண்ணால் அல்ல.

பொருளை விளக்கியே தீரவேண்டும் என்று ஏன் இத்தனை பாடு? ஆல்ஃபா என்ற பெயரைப் பாருங்கள். ஒரு பிக்சல் எவ்வளவு தெரியவேண்டும் என்று குறிக்கும் எண்ணைக் கணினி வரைகலை ஆய்வாளர்கள் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் 1970களின் இறுதியில் அப்படி அழைத்தார்கள். இரண்டு படங்களைக் கலக்கும் சமன்பாட்டில் அந்தக் கிரேக்க எழுத்து நின்றது, அதையே பெயராக வைத்தார்கள். மறைப்பு, திரை, படலம் என்று அதில் எதுவுமே இல்லை. 1984இல் போர்ட்டரும் டஃபும் படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும் கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதியபோதும் அதே ஆல்ஃபாதான். இன்றைக்கு பி.என்.ஜி கோப்பில் குப்பிக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் இருப்பது அதனால்தான். ஃபோட்டோஷாப் வந்தது 1990, அதில் லேயர் வந்தது 1994. பெயர் அதற்கெல்லாம் முந்தியது, பொருளே சொல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எதையாவது ஒன்றை எடுத்து ஒட்டுங்கள், பழகிவிடும்.

இடையில் ஒரு கேள்வி. பழைய ஃபோட்டோஷாப்பில் 'கொ' அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கிறது என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். விருப்பங்களில் டைப் என்ற பகுதிக்குப் போய்த் தென்னாசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்துவிட்டு, மென்பொருளை ஒருமுறை மூடித் திறந்து, புதிய கோப்பில் அடித்துப் பாருங்கள். கிம்ப்பில் இந்த வேலை இல்லை.

அதங்கோடு, புதன் மதியம்

"எதையாவது எடுத்து ஒட்டுங்கள்" என்பது சொல்லாக்கமா, போஸ்டர் ஒட்டுவதா? கிரேக்கத்தில் ஒரு எழுத்தை எடுத்தார்கள், அது அவர்கள் கணித மரபில் இருந்தது. நாம் நம் மரபில் இருந்து எடுக்கிறோம். கவசத்தை விட்டுவிடுகிறேன். திரை என்பதற்கு யாருக்காவது மறுப்பு உண்டா?

குளச்சல், புதன் மதியம்

உண்டு. கணினித் திரையில் உள்ள அடுக்கின் திரையில் கறுப்பைத் தீட்டு. ஒரே வாக்கியத்தில் இரண்டு திரை. கடற்கரையில் இருப்பவனுக்குத் திரை என்றால் அலையும்கூட. மூன்று.

தக்கலை, புதன் இரவு

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை வகுப்புக்கு வரும் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, கணினியைக் காட்டாமல், சொற்களை மட்டும் சொல்லி என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். மறைபடலத்துக்கு ஒருவர் "சாமி படமா?" என்றார். கவசத்துக்கு எதிர்பார்த்ததுதான் நடந்தது. மூடாக்குக்குச் சிரித்தார்கள், ஆனால் உடனே புரிந்துவிட்டது. 'மறைப்பு' என்றபோது யாரும் சிரிக்கவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. "குளிக்கிற இடத்துல கட்டுவமே" என்றார் ஒருவர்.

ஆகவே மறைப்பு என்று போகிறேன். மறைப்பைச் சேர், மறைப்பின்மேல் கறுப்பைத் தீட்டு, மறைப்பை நீக்கு. வெள்ளை மறைப்பு ஏன் மறைக்கவில்லை என்பதைப் பக்க ஓரத்தில் இரண்டு வரியில் எழுதிவிட்டேன். முதல் தடவை வரும் இடத்தில் 'மறைப்பு, மெனுவில் மாஸ்க்' என்று சேர்த்திருக்கிறேன், நாகர்கோவில் அண்ணாச்சிக்காக. கோப்பைக் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப் ஆகச் சேமித்தால்தான் மறைப்பு உள்ளே இருக்கும், ஜேபெக் ஆக்கினால் எல்லாம் ஒன்றாக ஒட்டிப்போகும் என்பதையும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். சொல் சண்டையைவிட அதுதான் அவர்களை அழவைக்கும்.

குலசேகரம், புதன் இரவு

சரி. எங்கள் தோட்டத்தில் நாங்கள் மூடாக்கு என்றே சொல்லிக்கொள்கிறோம்.

பூதப்பாண்டி, புதன் இரவு

மறைப்பு என்பது மறை என்னும் வேரில் தொழிற்பெயர் விகுதி ஏறியது. ஆக நான் சொன்னதுதான் வென்றிருக்கிறது.

இரணியல், வியாழன் காலை

அச்சுக்குப் போயிருக்கும், ஆனாலும் பதிவுக்காக. மறைப்பு செயலின் பெயர். நமக்கு வேண்டியது பொருளின் பெயர். மறைத்தல் என்ற செயலையே 'மறைப்பு' என்று சொல்லவேண்டிய இடம் அடுத்த பாடத்தில் வந்தால் டீச்சர் என்ன செய்வார்? மறைபடலம் என்றால் இந்த இடர் வராது. நான் எழுதுவதில் அப்படியே எழுதுவேன்.

தக்கலை, வியாழன் காலை

வந்துவிட்டது சார். லேயரை மறைக்க ஒரு கண் பொத்தான் இருக்கிறது. அதற்கு 'ஒளித்து வை' என்று எழுதி ஒப்பேற்றியிருக்கிறேன். அடுத்த வாரம் ஃபெதர், அதாவது ஓரத்தை மெதுவாக்குவது. பழைய கையேட்டில் 'இறகு' என்று இருக்கிறது.

இரணியல், வியாழன் காலை

இறகு வேண்டாம். தூவி. அனிச்சமும் அன்னத்தின் தூவியும்.

நாகர்கோவில், வியாழன் காலை

டீச்சர், ப்ரூஃப் வந்திருக்கிறது. ஏழாம் பக்கத்தில் 'மறப்பு' என்று விழுந்திருக்கிறது, ஐகாரம் இல்லை. பத்து மணிக்குள் சொன்னால் திருத்திவிடலாம்.