உள்ளங்கையில் மூங்கில் சிலாம்பு: எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள், சீழ் மட்டும் நிற்கவில்லை

மலைக்காரி:
அப்பாவுக்கு ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. வயது 58, சர்க்கரை உண்டு. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் சாத்திய மூங்கில் ஏணி சரிந்தது. விழாமல் இருக்க அதையே இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கியதில், வலது கைப் பெருவிரல் மேட்டுக்குள் சிலாம்பு ஏறிவிட்டது. அவரே பல்லால் கடித்து இழுத்தார். வந்த துண்டின் முனை முறிந்திருந்தது. "முழுசா வந்துருச்சு" என்று சாதித்து, எருக்கம்பால் வைத்துக் கட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் வீங்கியது. ஒரு கிளினிக்கில் டிடி ஊசி, ஆன்டிபயாடிக், எக்ஸ்ரே எல்லாம் ஆனது. படத்தில் ஒன்றுமில்லையாம். மாத்திரை சாப்பிடும்வரை காய்கிறது. நிறுத்தி ஐந்து நாளில் அதே இடம் மொட்டு மாதிரி எழும்பி உடைகிறது. இப்படி இரண்டு தடவை ஆகிவிட்டது, மொத்தம் ஆறு வாரம். கிழித்துப் பார்க்கச் சொல்லலாமா? சர்க்கரைக் கையில் கத்தி வைத்தால் ஆறாது என்று லைன் வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போக அவரைக் கிளப்புவது வேறு பெரும்பாடு.

கொலுசுப்பட்டறை:
தங்கச்சி, எனக்கு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறை. பாலிஷ் மோட்டாரில் சுற்றும் கம்பி பிரஷிலிருந்து ஒரு எஃகு இழை தெறித்து முழங்கைக்குக் கீழே ஏறியது. எனக்கு எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தது. "இதோ இருக்கு, அஞ்சு நிமிஷம்" என்றார் டாக்டர். முக்கால் மணி நேரம் துழாவியும் கிடைக்காமல் தையல் போட்டு அனுப்பிவிட்டார். படம் எடுக்கும்போது கை ஒரு மாதிரி, மேஜையில் வேறு மாதிரி. கையைத் திருப்பினால் சதையோடு இழையும் நகர்ந்துவிடுகிறது.

இரண்டாவது தடவை வேறு டாக்டர். தோள்பட்டையை மரத்துப்போக வைத்து, மேல்கையில் காற்றுப் பட்டை இறுக்கி ரத்தத்தை நிறுத்தினார். சி-ஆர்ம் என்கிற, எக்ஸ்ரேயை நேரடியாகக் காட்டும் மெஷின் திரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு ஊசியை வெவ்வேறு பக்கத்திலிருந்து இழையைத் தொடும்படி செருகி, அந்த வழியிலேயே போய் எடுத்தார். அதனால் எங்கே இருக்கிறது என்று உறுதியாகாமல் யாரையும் கிழிக்க விடாதீர்கள். அப்பாவுக்கு இருப்பது மூங்கில், அதற்கு எக்ஸ்ரே சரிவராது என்றுதான் நினைக்கிறேன்.

வார்டு நர்ஸ்:
அண்ணன் சொன்னது சரி. உலோகம் தெரியும், கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும். மரம், மூங்கில், முள் எல்லாம் எக்ஸ்ரேயில் சதையோடு சதையாகக் கலந்துவிடும். ஆகவே அந்த "ஒன்றுமில்லை"யை நம்ப வேண்டாம். காய்ந்து காய்ந்து அதே இடத்தில் உடைவதே உள்ளே ஏதோ இருப்பதற்கு அடையாளம். மரத்துண்டில் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும்வரை மாத்திரை அடக்குமே தவிர தீர்க்காது.

கேட்க வேண்டியது அல்ட்ராசவுண்டு ஸ்கேன். மேலோட்டமான சதைக்கான புரோப் வைத்துப் பார்த்தால் மரம் வெள்ளைக் கோடாகவும் அதன் அடியில் கறுப்பு நிழலாகவும் தெரியும். நீளம், ஆழம் பார்த்துத் தோலில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் குடைய விடாதீர்கள் அக்கா. பெருவிரலை அசைக்கும் நரம்புக் கிளை அந்த மேட்டில்தான் ஓடுகிறது. வெந்நீரில் ஊற வைப்பதும் வேண்டாம், மரம் உப்பி இன்னும் நொறுங்கும். சர்க்கரை இருப்பதால் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து. அளவைக் கட்டுக்குள் வைத்துச் செய்தால் ஆறும். விரல் முழுக்க வீங்கி, வளைந்தே நின்று, நிமிர்த்தினால் உயிர் போகிறது என்றாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே இறங்கிவிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில், அதாவது மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

மலைக்காரி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஸ்கேனில் 14 மில்லிமீட்டர் என்று வந்தது. எடுத்தபோது இரண்டு துண்டு, கறுத்து, ஊறிய தேங்காய் நார் மாதிரி இருந்தன. காயத்தைக் கழுவி, சீழ் வடிய உடனே முழுக்கத் தைக்காமல் விட்டார்கள். இப்போது மூடிவிட்டது, பெருவிரல் நன்றாக மடங்குகிறது. நர்ஸ் தங்கச்சிக்கும் அண்ணாவுக்கும் நன்றி.

அப்பாவைக் கேட்டால் எருக்கம்பால்தான் அதை மேலே தள்ளிக்கொண்டு வந்ததாம்.