உதவி: ‘எசன்ஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது?

மொழிபெயர்ப்புக்காரி: பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1945-இல் பாரிஸில் ஆற்றிய உரை பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘எக்ஸிஸ்டன்ஸ் எசன்ஸுக்கு முந்தியது’ என்ற வரியில் மாட்டிக்கொண்டேன். முதலாவதுக்கு ‘இருப்பு’ போட்டாச்சு. இரண்டாவதுக்கு ‘சாரம்’ என்றால் ரசப்பொடி விளம்பரம் மாதிரி இருக்கிறது என்கிறார் நண்பர். கேக் மாவில் ரெண்டு சொட்டு விடுகிற வெனிலாக் குப்பியில் இருப்பதும் இதே சொல்தானா?

பழையபேப்பர்: அதேதான். லத்தீனில் ‘எஸ்ஸெ’ என்றால் இருத்தல். ஒரு பொருள் எதுவாக இருக்கிறதோ அதைக் குறிக்கும் கிரேக்க ‘ஊசியா’வுக்குச் சொல் கிடைக்காமல் ‘எஸ்ஸென்ஷியா’ என்று புதிதாகக் கட்டினார்கள். ரோமானியத் தத்துவவாதி செனெகா தன் 58-ஆம் கடிதத்தில் இதை எழுதவே கூச்சப்பட்டு, தனக்கு முந்திய பெரிய எழுத்தாளர் சிசரோவே சொன்ன சொல் என்று பாரத்தை அவர் தலையில் வைக்கிறார். இன்று கிடைக்கிற சிசரோ நூல்களில் அது இல்லை! உங்கள் பாடு அப்போதே தொடங்கிவிட்டது.

மொழிபெயர்ப்புக்காரி: வெனிலா எங்கே நுழைந்தது?

பழையபேப்பர்: ரசவாதிகள் வழியாக. நான்கு பூதங்கள் போக வானுலகுக்கென்று ஐந்தாவது ஒன்றை அரிஸ்டாட்டில் வைத்திருந்தார். அதற்குத்தான் பின்னால் ‘குவின்டெசன்ஸ்’, அதாவது ஐந்தாம் எசன்ஸ், என்று பெயர். மதுவைத் திரும்பத் திரும்ப வாலையில் வடித்தால் அது கைக்குக் கிடைத்துவிடும் என்று 14-ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள். பிறகு வடித்தெடுத்த வாசனை எல்லாம் எசன்ஸ்.

திண்ணை: ‘எக்ஸிஸ்டன்ஸ்’ வேறு வேர். வெளியே வந்து நிற்பது என்று பொருள். ‘இருப்பு’ சரி, ஆனால் கடைக்காரருக்கு அது சரக்கு இருப்பு! பழைய தமிழில் இதற்கு ‘உண்மை’தான். ‘உள்’ அடியாகப் பிறந்தது, எதிர்ச்சொல் ‘இன்மை’. சைவ சித்தாந்தத்தில் ‘கடவுள் உண்மை’ என்றால் கடவுள் உளர் என்பது. இன்று போட்டால் ‘பொய்யில்லை’ என்றுதான் படிப்பார்கள், வேண்டாம்.

எசன்ஸுக்கு, சார்த்தரே சொல்லும், காகிதம் வெட்டுகிற கத்தியை வைத்துப் பாருங்கள். செய்கிறவன் மனசில் அது இன்னது, இதற்கானது என்பது முன்பே இருக்கிறது. மனிதனுக்கு அப்படி எதுவும் முன்கூட்டி இல்லை. ‘சாராம்சம்’ பழகிய சொல்தான், ஆனால் சுருக்கம் என்று தோன்றிவிடும்.

மொழிபெயர்ப்புக்காரி: முதல் இடத்தில் ‘இன்னதென்னும் தன்மை’ என்று விரித்துவிட்டு, அப்புறம் ‘சாராம்சம்’ என்றே கொண்டுபோகிறேன். ரசப்பொடி நண்பருக்கு அனுப்பியாச்சு. இன்னும் பதில் இல்லை.